சுவிச் வைத்த ஃபிளாப்பும் மூன்று சில்லு விமானமும்

உ
சிவமயம்

சோலோதுர்ன்,
பங்குனி, வியாழக்கிழமை.

பெருமதிப்புக்குரிய ஜெகதீஸ்வரன் அத்தான் அவர்களுக்கு,

தங்கள் ஒரே தங்கை சந்திரமதியைக் கைப்பிடித்த உருத்திரமூர்த்தி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. ஜெனீவாவில் தாங்களும் சுகந்தி அக்காவும் கந்தன் அருளால் ஒரு குறையுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். சந்திரமதி சுகம். மகள் லக்சாயினி சுகம். ஜன்னலோரக் கறிவேப்பிலைக் கன்றுகூட இந்த வருஷக் குளிரைத் தாண்டிச் சுகமாக நிற்கிறது. சுகமில்லாதவன் நான் ஒருத்தன்தான். சோறு இறங்குதில்லை, நித்திரை வருகுதில்லை, டொக்டர் மருந்தைக் கூட்டித் தந்தும் பிரஷர் இறங்கவில்லை. காரணம் தங்கள் மருமகள். இன்னும் சரியாகச் சொன்னால், தங்கள் மருமகளின் விமானத்திலுள்ள ஃபிளாப்.

கைபேசி இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். கைபேசியில் கதைத்தால் சந்திரமதிக்குக் கேட்கும். குசினியில் மிக்சி ஓடும்போதுகூட நான் அடுத்த அறையில் மெல்லச் சொல்வது அவளுக்குத் தெளிவாகக் கேட்கிறது. நான் நேரே நின்று சத்தமாகச் சொல்வதுதான் கேட்பதில்லை. வட்சப்பில் எழுதலாம் என்றால், தங்களுக்கு மட்டும் என்று போன மாதம் நான் அனுப்பிய குரல்பதிவு எப்படியோ 'எங்கட சொந்தங்கள்' குழுவில் போய் விழுந்து, என் மலச்சிக்கலுக்கு ரொறன்ரோவிலிருந்து கைமருந்து சொல்லி அனுப்பினார்கள். ஆகவே தபால்தான் பாதுகாப்பு. மறுநாளே கிடைக்கிற முத்திரையாகப் பார்த்து ஒட்டியிருக்கிறேன். வாசித்து முடித்ததும் கிழித்துவிடுங்கள். சுகந்தி அக்காவுக்கும் காட்டவேண்டாம். அவ நல்ல மனுசி, ஆனால் மனதுக்குள் ஒன்றையும் வைத்திருக்க மாட்டா.

விமான விஷயம் தங்களுக்குத் தெரியும். ஆனாலும் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் எனக்கே அதைத் தொடக்கத்திலிருந்து நினைத்துப் பார்த்தால்தான் நம்ப முடிகிறது. லக்சாயினிக்குப் பாடன் நகரில் இயந்திரத் தொழிற்சாலையில் நல்ல வேலை, நல்ல பிள்ளை, தேர்த் திருவிழாவுக்குச் சேலை உடுத்து வருகிற பிள்ளை. ஒருநாள் லொறியில் தட்டைத் தட்டையாகப் பெட்டிகள் வந்து இறங்கின. நான் அலுமாரி என்று நினைத்தேன். இந்த நாட்டில் அலுமாரி, கட்டில், மேசை எல்லாம் அப்படித்தானே பெட்டியில் வந்து வீட்டில் பூட்டப்படுகிறது. கலியாணத்துக்கு இப்பவே தளபாடம் சேர்க்கிறாளாக்கும் என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டு, பெட்டி தூக்கவும் உதவி செய்தேன், அத்தான்! இறக்கையை என் கையாலேயே கராஜுக்குள் கொண்டுபோய் வைத்திருக்கிறேன், அலுமாரிக் கதவு என்று. பிறகு அந்தக் கதவுகளில் ஆணி அடித்து அடித்து, வருஷக்கணக்காக அடித்து, அது இரண்டு பேர் இருக்கிற விமானமாகிவிட்டது. "மகள் இப்ப என்ன செய்யிறா?" என்று கோயிலில் கேட்பவர்களுக்கு "பிளேன் கட்டுறாள்" என்றால், "ஓ, எயார்போட்டிலயோ வேலை?" என்கிறார்கள். "இல்லை, கராஜில" என்றால் என்னைத்தான் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள்.

போன கோடையில் அதை விமானத்தளத்துக்குக் கொண்டுபோய்ப் பறக்கவிட்டார்கள். வீட்டில் விமானம் கட்டுகிறவர்களுக்கென்று இங்கே ஒரு சங்கம் இருக்கிறது. அதில் ஆலோசகராக இருக்கிற ஹெர் வீட்மர் என்ற பெரியவர் சரி என்று சொல்லாமல் ஒரு ஆணியைக்கூட மாற்ற முடியாது. அதிகம் பேசமாட்டார். எதைப் பார்த்தாலும் விரலால் இரண்டு தட்டுத் தட்டி "ஹ்ம்" என்பார். அந்த "ஹ்ம்" நல்லதுக்கோ கெட்டதுக்கோ என்று யோசித்து யோசித்தே என் தலைமயிர் கொட்டிவிட்டது. முதலில் அவர் ஓட்டினார், பிறகு இவள் தனியாக ஓட்டினாள். நான் புல்லில் நின்று கண்ணை மூடிக்கொண்டேன், சந்திரமதி கைதட்டினாள். கண்ணைத் திறந்தபோது விமானம் முழுசாக நின்றது, பிள்ளையும் முழுசாக இறங்கி வந்தாள். சரி, ஆசைப்பட்டாள், கட்டினாள், பறந்தாள், இனி இதை மூடி வைத்துவிட்டு மற்ற அலுவலைப் பார்ப்பாள் என்று கொஞ்சம் மூச்சுவிட்டேன். அந்த மூச்சை முழுசாக விடமுன்னரே ஃபிளாப் வந்து சேர்ந்தது.

ஃபிளாப் என்றால், அத்தான், இறக்கையின் பின்பக்க ஓரத்தில் மடிகிற ஒரு பலகை. இரண்டு இறக்கையிலும் ஒவ்வொன்று. நிலத்துக்கு வரும்போது அதைக் கீழே இறக்கினால், விமானம் வேகம் குறைந்தும் விழாமல் பக்குவமாக வந்து இருக்கும். ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் இறங்காவிட்டால் விமானம் புரளும். இதை நான் இணையத்தில் பார்த்தேன், பார்த்திருக்கக் கூடாது. இவளுடைய விமானத்தில் இரண்டு ஆசனத்துக்கும் நடுவில், பழைய கார்களில் ஹாண்ட்பிரேக் இருக்குமே, அதுபோல நீட்டாக ஒரு லீவர் இருந்தது. இழுத்தால் ஃபிளாப் இறங்கும், விட்டால் ஏறும். கரண்ட் வேண்டாம், பட்டரி வேண்டாம், மனுசக் கை போதும். அந்த விமானத்தில் எனக்குப் பிடித்த ஒரேயொரு சாமான் அந்த லீவர்தான்.

ஐப்பசியில் ஒருநாள் நான் தேத்தண்ணிப் போத்தலோடு, விமானம் நிற்கிற ஹங்காருக்குப் போனேன். "அப்பா, ஒருக்கா உள்ள ஏறி இருங்கோ" என்றாள். என் உடம்பு தங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக் குசினியில் காலம் முழுக்கச் சமைத்தவன், ருசி பார்க்காமல் சமைக்க முடியுமோ? ஒரு மாதிரி நெளிந்து இறங்கி வலப்பக்கம் இருந்தேன். அவள் இடப்பக்கம் இருந்து லீவரை இழுத்தாள். அது என் தொடையில் இடித்து நின்றது. ஒதுங்கப் பார்த்தேன், ஒதுங்க இடமில்லை. இன்னொருக்கா இழுத்தாள், எனக்கு உயிர் போய் வந்தது. "ம்" என்றாள், அந்த வீட்மரைப் போலவே. அளவுநாடாவை எடுத்து எதையோ அளந்தாள். பிறகு "அப்பா, இப்ப உங்கட நிறை என்ன?" என்று கேட்டாள். சீனி வருத்தக்காரனை டொக்டர் கேட்கிறார், மனுசி கேட்கிறாள், இனி மகளும் கேட்பதோ என்று எனக்குச் சுர்ரென்று கோபம் வந்து, போத்தலையும் தூக்கிக்கொண்டு பஸ் எடுத்து வந்துவிட்டேன். அதை விடுங்கள். நான் சொல்ல வந்தது, அடுத்த கிழமையே அந்த அருமையான லீவரைக் கழற்றி எறிந்துவிட்டாள்! ஒரு குற்றமும் செய்யாத லீவர்! ஏன் பிள்ளை என்று கேட்டேன். "இடைஞ்சலா இருக்கு, அப்பா." ஆருக்கு இடைஞ்சல் என்று கேட்டேன். சிரித்துவிட்டுப் போய்விட்டாள். ஆருக்காவது விளங்குகிற பதிலோ இது?

இப்போது லீவர் இருந்த இடம் வெறுமை. ஆசனத்துக்குப் பின்னால் ஒரு சின்ன மோட்டர். அதை ஓட்ட முன்னால் ஒரு சுவிச், எங்கள் கக்கூஸ் லைட்டின் சுவிச்சைவிடச் சின்னது. மாற்றத்துக்கு வரைபடம் கீறி, கணக்குப் பார்த்து, வீட்மரிடம் கொடுத்து, அவர் "ஹ்ம்" சொல்லி, எல்லாம் முறைப்படித்தான். ஆனால் சுவிச் சுவிச்தானே! எங்கள் வீட்டு ஸ்டோரன் பட்ட பாடு தங்களுக்குத் தெரியாததில்லை. ஜன்னலுக்கு வெளியே சுருண்டு இறங்குகிற அந்த மறைப்பை எத்தனையோ வருஷமாக நான் கைப்பிடியைச் சுற்றித்தான் ஏற்றி இறக்கினேன், ஒரு நாளும் சொன்ன சொல் மீறவில்லை. வீட்டுக்காரர் நவீனப்படுத்துகிறேன் என்று மோட்டர் பூட்டினார். பூட்டின முதல் கோடையிலேயே ஒரு பக்கம் இறங்கி, மறுபக்கம் நடுவில் நின்று, கோணல்மாணலாக இறுகிவிட்டது. திருத்துகிறவர் விடுமுறையில் போய்விட்டார். பட்டப்பகலில் லைட் போட்டுக்கொண்டு சாப்பிட்டோம். உங்கள் வீட்டில் செத்தவீடோ என்று எதிர்வீட்டு மனுசி சந்திரமதியை விசாரித்தாள். அது ஜன்னல், அத்தான். கோணலாக நின்றாலும் விழாது. விமானம் அப்படியோ?

இதையெல்லாம் லக்சாயினிக்கு எடுத்துச் சொன்னேன். "அப்பா, ரெண்டு ஃபிளாப்பும் ஒரே குழாயிலதான் பூட்டியிருக்கு. ஒண்டு இறங்கினா மற்றதும் இறங்கும், ஒண்டு நிண்டா மற்றதும் நிக்கும். ஸ்டோரன் மாதிரிக் கோணாது. கெய் பானிக்" என்றாள். பயப்படாதே என்பதற்கு இவளின் சுவிஸ் ஜெர்மன் அது. சின்னப் பிள்ளையாக ஊசி போடக் கொண்டுபோகும்போது நான் அவளுக்குச் சொன்ன சொல், இப்போது எனக்குத் திரும்பி வருகிறது.

சரி, மோட்டரும் பூட்டியாயிற்று. நம்முடைய ஆக்கள் செக்கன்ஹாண்ட் கார் வாங்கினாலும் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசிக்காமல் ஓட்டுவார்களோ? விமானத்தைக் கோயிலடிக்குக் கொண்டுபோக முடியாது. ஐயரைக் கேட்டேன், ஹங்கார் குளிராம், வரமாட்டாராம். ஆனால் அருச்சனை செய்து தேசிக்காய் எடுத்தார். "வாகனத்துக்குத்தானே?" என்று கேட்டார். "ஓம்" என்றேன். நாலு தந்தார். தை மாதம், ஹங்காருக்குள் மூச்சுவிட்டாலே புகை. "சில்லுக்குக் கீழ மட்டும் வையுங்கோ அப்பா, கற்பூரம் கொளுத்தாதையுங்கோ, பெற்றோல் நிக்குது" என்றாள். ஹெர் வீட்மரும் தொப்பியைக் கழற்றிவிட்டு, பெரிய மரியாதையோடு இறக்கையில் கைகொடுத்துத் தள்ளினார். தேசிக்காய்கள் நல்ல சத்தத்தோடு நசிந்தன. பார்த்தால் என் கையில் ஒன்று மிச்சம்! ஐயர் கார் என்று நினைத்து நாலு தந்திருக்கிறார். இந்த விமானத்துக்கு மூன்று சில்லுத்தான். மந்திரித்த தேசிக்காயைக் குப்பையில் போடலாமோ? வீட்டுக்குக் கொண்டுவந்தால் சந்திரமதி சொதிக்குள் பிழிந்துவிடுவாள். ஆகவே அவர்கள் கதவைச் சாத்தப் போன நேரம் பார்த்து, ஆசனத்துக்குப் பின்னால், அந்த மோட்டருக்குப் பக்கத்திலேயே ஒரு மூலையில் பத்திரமாக வைத்து, "கந்தா, இந்தச் சுவிச்சை நீதான் பார்த்துக்கொள்ளவேணும்" என்று கும்பிட்டுவிட்டு வந்தேன். அந்த விமானத்தில் இப்போது எனக்கு இருக்கிற ஒரே நம்பிக்கை அந்தத் தேசிக்காய்தான். அதுகூட இல்லாவிட்டால் என்ன நடந்திருக்குமோ, நினைக்கவே நெஞ்சு பதறுகிறது.

ஏனென்றால், அத்தான், அடுத்த கிழமையே கரைச்சல் தொடங்கிவிட்டது. நான் சொன்ன மாதிரியே தொடங்கியது. சுவிச்சைப் போட்டாள், ஃபிளாப் கொஞ்சத் தூரம் இறங்கி, குர்ர் என்று முனகி நின்றது, பியூஸ் போய்விட்டது. வீட்மரைக் கூப்பிட்டாள். அவர் வந்து நிற்க, அது சொன்னபடி கேட்டு இறங்கி ஏறியது. அவர் போக மறுபடி நின்றது. ஹங்காருக்குள் நின்றால் வேலை செய்கிறது, வெளியே தள்ளிக்கொண்டு வந்தால் செய்கிறதில்லை. அடுத்த கிழமை உள்ளே செய்கிறதில்லை, வெளியே செய்கிறது. பியூஸை மாற்றினாள், வயரை மாற்றினாள், சுவிச்சை மாற்றினாள். மோட்டரைக் கழற்றி மேசையில் வைத்து ஓட்டினால் தையல் மெஷின்போல ஓடுகிறது. திரும்பப் பூட்டினால் பழைய குணம். இதைவிட வேறென்ன சகுனம் வேண்டும்? "பாத்தியோ, லீவர் இருந்திருந்தா இப்பிடி வருமோ?" என்று கேட்டேன். ஒருதரம் கேட்டால் காணாது என்று, சாப்பிடும்போதும் கேட்டேன், அவள் காரில் வேலைக்குப் போகும்போது ஜன்னலைத் தட்டியும் கேட்டேன்.

அதை நான் செய்திருக்கக் கூடாது என்று போன ஞாயிறு பட்டது. குசினி மேசையில் தன் கணக்குக் கொப்பிகளைப் பரப்பிவிட்டு இருந்தாள். புட்டு ஆறிப்போய்க் கிடந்தது. "நான்தான் எங்கயோ பிழை விட்டிருக்கிறன் அப்பா. எங்க எண்டுதான் தெரியேல்ல" என்றாள். அத்தான், பிறந்த நாளிலிருந்து அந்தப் பிள்ளை தனக்குத் தெரியாது என்று சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம் வந்திருக்கவேண்டும், நான் சொன்னது சரியாகிவிட்டதே. வரவில்லை. ஆறுதலாக ஏதாவது சொல்லவேண்டும்போல இருந்தது, வாயைத் திறந்தால் "லீவர்" என்றுதான் வந்தது. சந்திரமதி அகப்பையோடு என்னைப் பார்த்த பார்வையில் எழும்பிப் போய்விட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். முந்தநாளிலிருந்து அது ஒழுங்காக வேலை செய்கிறதாம். ஏன் செய்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது, அதுதான் எனக்குக் குலைநடுக்கம். நாளை வெள்ளிக்கிழமை வீட்மர் கடைசியாகச் சோதிப்பார். அவர் சரி என்றால் சனிக்கிழமை இவள் தனியாக ஏறி, மேலே போய், அந்தச் சுவிச்சைப் போட்டுப் பார்க்கப்போகிறாள். மேலே போய், அத்தான்! கீழே நிலத்தில் நிற்கும்போதே மனம்வந்தால் இறங்குகிற ஃபிளாப்! நான் சந்திரமதியிடம் மன்றாடினேன். "இஞ்சாருங்கோ, அவள் வளர்ந்த பிள்ளை, தன்ர கையால கட்டினவள். நீங்கள் ஸ்டோரன் சத்தத்துக்கே பயந்து எழும்பி ஓடின ஆள். பேசாமல் இருங்கோ" என்றாள். தங்கள் தங்கையின் நெஞ்சு கருங்கல். மகளிடம் நேரே சொன்னால் கெய் பானிக். எனக்கு இனித் தாங்கள்தான் கதி.

லக்சாயினி என் சொல்லைத் தட்டுவாள், தங்கள் சொல்லைத் தட்டமாட்டாள். தாய்மாமன். சாமத்தியச் சடங்கில் அவளுக்கு முதல் தண்ணி வார்த்தது தாங்கள். தண்ணி வார்த்த மாமனுக்கு ஃபிளாப்பில் லீவரைத் திரும்பப் பூட்டு என்று சொல்ல உரிமை இல்லையோ? சாத்திரத்தில் இப்படி விமானத்துக்கென்று எழுதியிருக்காது, ஆனால் உரிமை உரிமைதான். சனி விடியப் பீல் வழியாக வருகிற ரயிலில் ஏறினீர்களென்றால் நான் ஸ்டேசனில் நிற்பேன். தற்செயலாக வந்ததுபோல வாருங்கள். சந்திரமதி கேட்டால் கத்தரிக்காய் வாங்க வந்தேன் என்று சொல்லுங்கள். ஹங்காருக்குப் போய், "பிள்ளை, மாமா சொல்லுறன், இண்டைக்கு வேண்டாம்" என்று ஒரு சொல். அது போதும். வராமல் மட்டும் விட்டுவிடாதையுங்கோ. எனக்கு இருப்பது இந்த ஒரு பிள்ளை. அவள் இறங்கி வராவிட்டால் நான் ஆருக்குக் கரைச்சல் கொடுத்துக்கொண்டு இருப்பது?

வேறு விசேஷமில்லை. சுகந்தி அக்காவின் முழங்காலுக்குப் பூரண சுகம் கிடைக்கவும், தங்கள் வீட்டு லிஃப்ட் சீக்கிரம் திருத்தப்படவும், மூத்தவர்களாகிய தாங்கள் இருவரும் எங்களை வாழ்த்திக்கொண்டு நெடுநாள் இருக்கவும் கந்தனை வேண்டி முடிக்கிறேன்.

இங்ஙனம்,
பதறிய நெஞ்சுடன்,
செ. உருத்திரமூர்த்தி

பி.கு.: இன்று சனிக்கிழமை பின்னேரம். மேலே எழுதியதைத் தபாற்பெட்டியில் போடக் கொண்டுபோய், வழியில் லக்சாயினி காரில் கண்டு ஏற்றிக்கொண்டதால் ஜக்கெட் பைக்குள் வைத்தபடி மறந்துபோனேன். கிழித்துவிடலாம், ஆனால் நல்ல முத்திரை ஒட்டியாயிற்று. ஆகவே உறையைக் கொதிக்கிற கேத்தில் ஆவியில் பிடித்துத் திறந்து இதை எழுதுகிறேன். மேலே சொன்னது ஒன்றையும் செய்யவேண்டாம்.

வெள்ளிக்கிழமை நானும் ஹங்காருக்குப் போனேன், ஃபிளாப் நிற்பதைக் கண்ணால் காண. வீட்மருக்கு முன்னாலேயே நின்றது. குர்ர். நான் "ஆ!" என்றேன். அவர் "ஹ்ம்" சொல்லவில்லை. ஆசனங்களைக் கழற்றச் சொன்னார், பிறகு அதற்குக் கீழே இருக்கிற தகட்டையும் கழற்றச் சொன்னார். லக்சாயினி குப்புறக் கிடந்து உள்ளே கையை விட்டு, ஃபிளாப்பை இழுக்கிற குழாயடியிலிருந்து எதையோ பிடுங்கி எடுத்தாள். கறுப்பாக, காய்ந்து, கல்லுமாதிரி. வீட்மர் வாங்கி, டோர்ச் அடித்துப் பார்த்து, விரலால் இரண்டு தட்டுத் தட்டி, இது வரைபடத்தில் இல்லாத பாகமாக இருக்கிறதே என்று உண்மையாகவே யோசித்தார். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். லக்சாயினி அதை மணந்து பார்த்தாள். "அப்பா" என்றாள்.

விமானத்தைத் தள்ளும்போதெல்லாம் அது உருண்டிருக்கிறது, அத்தான். உருண்டு குழாயடிக்குப் போனால் ஃபிளாப் நிற்கும், விலகி வந்தால் ஓடும். "சில்லு மூண்டுதானே பிள்ளை, ஐயர் நாலு தந்திட்டார்" என்றேன். அவள் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். "எத்தினை கிழமை அப்பா! என்ர கணக்குத்தான் பிழை எண்டு நான் நித்திரை கொள்ளேல்லை!" சிரிக்கிறாளோ அழுகிறாளோ என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு வாய் சும்மா கிடக்குமோ? "நீ அந்த லீவரைக் கழட்டாமல் விட்டிருந்தா நான் தேசிக்காய் வைச்சிருப்பனோ? ஏன் கழட்டினனி?" என்று கேட்டேன்.

"அது உங்கட தொடையில முட்டினபடியால்தான் அப்பா. நீங்கள் பக்கத்தில இருந்தா லீவர் முழுசா வராது, ஃபிளாப் முழுசா இறங்காது. உங்களை ஏத்திக்கொண்டு என்னெண்டு இறங்கிறது? ரெண்டு பேர் இருக்கிற பிளேனை நான் ஆருக்கெண்டு கட்டினனான்?"

"அம்மா?"

"அம்மா ட்ரெயினிலதான் வருவாவாம்."

அத்தான், தங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, நான் அழுதுவிட்டேன். வீட்மர் ஒயில் துடைக்கிற துணியைத் தந்தார், அதில் முகத்தைத் துடைத்ததில் இன்னும் கண் எரிகிறது. இன்று காலை அவள் தனியாக ஏறினாள். இந்த முறை கண்ணை மூடவில்லை. பயம் இல்லாமலில்லை, ஆனாலும் மூடவில்லை. இரண்டு ஃபிளாப்பும் ஒன்றாக, ஒரே அளவாக இறங்கின. அவள் வந்து நிலத்தில் இருந்ததே தெரியவில்லை. அந்தச் சுவிச் போல ஒரு சாமான் உலகத்தில் இல்லை. லீவர் பழைய காலத்துச் சங்கதி.

வருஷப்பிறப்புக்கு அடுத்த ஞாயிறு என்னைக் கொண்டு போகிறேன் என்கிறாள். இப்போது தடுக்கிறது ஆர் தெரியுமோ, தங்கள் தங்கை! "அவள் தனியப் பறந்தா எனக்குப் பயமில்லை. நீங்கள் பக்கத்தில இருந்தா, அந்த மோட்டர் சத்தத்தை விட உங்கட சத்தம் கூட. பிள்ளை என்னெண்டு ஓட்டுறது?" என்று ஒரே பிடியாக நிற்கிறாள். ஆகவே தாங்கள் அந்த ஞாயிறு கட்டாயம் வந்து, சந்திரமதிக்கு மூத்த அண்ணன் என்ற முறையில் ஒரு சொல் சொல்லவேண்டும். வரும்போது கோயிலில் இறங்கி, என் பெயரைச் சொல்லாமல் ஐயரிடம் தேசிக்காய் வாங்கி வாருங்கள். மூன்று போதும்.